குறுக்கே வராத மாடு

வெலிகொல்லைத் தேயிலைத் தோட்டத்தில் சொந்தமாக வேன் வைத்திருந்தது ஒரே ஒரு ஆள், அதுவும் ஒரு பெண். தெமோதரையிலிருந்து மேலே ஏறும் பாதையில் வெள்ளைக் குட்டி வேன் ஒன்று முக்கி முனகிக்கொண்டு வந்தால் உள்ளே பாக்கியலெட்சுமிதான் இருப்பாள். வயது ஐம்பத்திரண்டு. இருபத்தேழு வருஷம் கொழுந்து எடுத்துவிட்டு, கூடையைக் கழற்றி வைத்த கையோடு ஸ்டியரிங்கைப் பிடித்தவள்.

வேலையை விட்டதும் சேமலாபப் பணம் கைக்கு வந்தபோது சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். வீட்டைக் கட்டு என்றார்கள், நகை வாங்கு என்றார்கள், பாங்கில் போடு என்றார்கள். அவள் வேன் வாங்கினாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு, "ஆசைதாங்க. மலையில நின்னு கீழ போற வண்டியையே பாத்துக்கிட்டு இருந்தேன். உள்ள இருந்து மலையப் பாக்கணும்னு தோணிச்சு" என்றாள். அதற்கு மேல் கேட்க யாருக்கு வாய் வரும்? பதுளையில் லைசென்ஸ் எடுக்கப் போய், பின்பக்கமாக ஓட்டிக் காட்டச் சொன்ன பரீட்சையில் இரண்டு தரம் கோட்டை விட்டாள். மூன்றாம் தரம் பரீட்சகரே கும்பிடு போட்டுக் கொடுத்தனுப்பினார் என்று லயத்து வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். அவள் ஒழுங்காக ஓட்டித்தான் எடுத்தாள்.

பதுளைச் சந்தையில் காய்கறி எடுத்து லயம் லயமாகக் கொண்டுபோய் விற்பதுதான் தொழில். வேன் ஓடினால் அடுப்பு எரியும், வேன் நின்றால் அதுவும் நிற்கும். வெளிநாட்டிலிருந்து வாகனம் இறக்குவதை நிறுத்தியிருந்த வருஷங்களில் பழைய வண்டிகளின் விலை ஆகாசத்துக்கு ஏறிவிட்டது. இந்த வேன் போனால் இன்னொன்று இந்த ஜென்மத்தில் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் ஹாலிஎல இன்சுரன்ஸ் ஏஜெண்ட் மொஹிதீன் விடாமல் வந்து கேட்டபோது, அவள் ஃபுல் இன்சுரன்ஸே போட்டாள். "அடுத்தவனுக்கு அடிச்சா மட்டும் குடுக்குற சின்ன இன்சுரன்ஸ் போதும்டி. இந்தக் காசுக்கு வருஷம் நாலு சேலை எடுக்கலாம்" என்று பக்கத்து வீட்டுச் சந்திரகாந்தி தலையில் அடித்துக்கொண்டாள். சந்திரகாந்திக்கு ஊரில் யார் செலவு செய்தாலும் தன் மடியிலிருந்து போவது போலத்தான் இருக்கும்.

விஷயம் நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு.

தோட்டத்துக்குள் நுழைவதற்கு முன்னால் பாதை வலது பக்கமாகச் சட்டென்று வளையும். அந்த வளைவில் முனியாண்டி கோயில். கோயில் என்றால் தகரக் கூரை, ஒரு கல், ஒரு சூலம். அந்த இடத்தில் எந்த டிரைவரும் ஒரு ஹோர்ன் அடித்து, ஒரு கையை எடுத்து நெற்றியில் தொட்டுக்கொண்டுதான் போவான். ஒரு கை போதும். முனியாண்டியும் இத்தனை வருஷத்தில் ஒரு கைக்குப் பழகிவிட்டார். ஆனால் அன்றைக்குப் பாக்கியத்துக்குச் சந்தையில் தக்காளி பாதி விலைக்குக் கிடைத்திருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு ஒரு கை காணாது என்று தோன்றிவிட்டது. கண்ணை மூடி, இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டாள்.

முனியாண்டி கும்பிடை வாங்கிக்கொண்டார். ஸ்டியரிங்கை யார் வாங்கிக்கொள்வது?

கண்ணைத் திறந்தபோது வேன் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் தலைகுப்புற இறங்கிக் கிடந்தது. ஒரு பக்க லைட் சிதறியிருந்தது, பொனட் மடிந்திருந்தது, இடது கதவு ஒரு பாறையில் நசுங்கியிருந்தது. தக்காளி உருண்டு பாதையெல்லாம் சிவப்பு. அவளுக்கு நெற்றியில் ஒரு வீக்கம், அவ்வளவுதான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

தட்டுத்தடுமாறி வெளியே வந்து கோயில் படியில் உட்கார்ந்து மொஹிதீனுக்குப் போன் எடுத்தாள். மேலே மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் போட்ட கூச்சல் லயம் வரைக்கும் கேட்டிருந்தது. ஆட்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். சிக்னல் விட்டு விட்டு வந்தது. கோயிலுக்குப் பின்னால் மேட்டில் ஏறி நின்று அரை மணி நேரம் முயன்ற பிறகுதான் மொஹிதீனின் குரல் தெளிவாகக் கேட்டது.

"அக்கா, ஒங்களுக்கு ஒண்ணுமில்லையே? அல்லா காப்பாத்தினான். நல்லாக் கேளுங்க, வண்டிய யாரும் தொடக் கூடாது. கெடந்த மேனிக்கே கெடக்கணும். அசெஸர்னு ஒருத்தர் வருவாரு, வந்து பாத்து போட்டோ எடுப்பாரு. அவர் பாத்து எழுதினாத்தான் கம்பனி காசு குடுக்கும்."

சரி என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். வேன் பாதையில் நின்றது.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. நாற்பது பேர் இருக்கும், ஆணும் பெண்ணுமாக. கயிறும் கம்பும் கொடுத்து, சேற்றில் முழங்கால் வரை இறங்கி, ஒரு முழு வேனை அலாக்காகத் தூக்கி மேலே வைத்துவிட்டார்கள். அவள் போனில் பேசி முடிப்பதற்குள்! காய்கறிகளையும் பொறுக்கிக் கூடைகளில் நிரப்பியாயிற்று. நசுங்கியதைத் தவிர ஒரு தக்காளி குறையவில்லை. அதோடு விட்டார்களா? அடிபட்ட வண்டிக்குத் தோஷம் கழிக்க வேண்டுமே! கோயில் பூசாரி மஞ்சள் தண்ணீர் கரைத்து வந்து வேனைத் தலையோடு கால் கழுவியும் முடித்திருந்தார். தேங்காய் உடைத்தாயிற்று, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. வேன் கல்யாணப் பெண் மாதிரி பளபளவென்று நின்றது, மூக்குதான் இல்லை.

பாக்கியத்துக்கு அழுகை வந்தது. இந்த அன்புக்கு அழுவதா, இந்த வினைக்கு அழுவதா என்று தெரியாமல் அழுதாள்.

"அழாத. அசெஸர் வந்தா என்ன சொல்லப் போற?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் சந்திரகாந்தி.

"நடந்ததச் சொல்றேன்."

"ஒனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா? கைய விட்டுட்டுக் கும்புட்டேன்னு சொல்லுவியா? ஒன் பிழைன்னு நீயே சொன்னா ஒத்த சல்லி குடுப்பானா?"

சுற்றி நின்ற அத்தனை தலையும் ஆடியது. ஆடாமல் என்ன செய்யும்? விடிகாலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஐந்து நிமிஷம் பிந்திப் போனால் அன்றைய வேலை இல்லை. கொழுந்து குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம். முற்றின இலை கலந்தால் நிறையில் வெட்டு. பிழை என்று ஒன்று நடந்தால் அது தன்னுடையது இல்லை என்று சாதிப்பவன் பிழைப்பான், ஆமாங்க என்றவன் கெட்டான். பாக்கியம் தன் இருபத்தேழு வருஷத்தில் ஒரு நாள்கூடக் கங்காணி முன்னால் "என் பிழை" என்று சொன்னதில்லை. மழை மேல் போட்டிருக்கிறாள், அட்டை மேல் போட்டிருக்கிறாள், ஒரு தரம் செத்துப்போன மாமியார் மேலேயே போட்டிருக்கிறாள்.

"மாடு குறுக்க வந்துச்சுன்னு சொல்லு. நாங்க எல்லாரும் பாத்தோம்" என்றாள் சந்திரகாந்தி. அங்கேயே முடிவாயிற்று. நாற்பது சாட்சி, ஒரு மாடு.

இரண்டு மணிக்கு மழைக் கோட்டோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார் அசெஸர். பெயர் ஆரூரன். யாழ்ப்பாணத்துக்காரர், பதுளைக்கு வந்து பத்து வருஷமாகிறது. அவர் வேனைப் பார்த்தார், எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார், பாக்கியத்தைப் பார்த்தார்.

"அம்மா, வாகனத்தை ஏன் அசைச்சனீங்கள்? கழுவியும் போட்டியள். இப்ப நான் எதைப் படம் எடுக்கிறது? இது இந்தக் கானுக்குள்ளைதான் விழுந்தது எண்டு கொம்பனிக்கு எப்படிச் சொல்லுவன்?"

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் பாக்கியம். அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து சிவஞானம் முன்னுக்கு வந்தார். லயத்தின் கடைசி வீட்டுக்காரர், ஒற்றை மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கிற மனுஷன்.

"அவ்வளவுதானுங்களே சார்? கெடந்தபடியே வச்சிர்றோம்."

பகிடி விடுகிறார் என்று ஆரூரன் நினைத்தார். ஆனால் அதற்குள் சாரத்தையும் சேலையையும் மடித்துக் கட்டிக்கொண்டு நாற்பது பேரும் வேனைச் சுற்றிக்கொண்டார்கள். சிவஞானம் ஒரு சத்தம் கொடுத்தார். வேன் எழும்பியது. அடேயப்பா, அது எழும்பியதைப் பார்க்க வேண்டும்! முன்னால் ஆறு பேர் கானுக்குள் இறங்கித் தோளில் வாங்க, பின்னால் பெண்கள் கயிற்றைப் பிடித்து இழுத்து நிதானம் பார்க்க, "இன்னும் கொஞ்சம் எடது பக்கம்", "மூக்கு எறங்கியிருந்துச்சு", "கதவு கல்லுல முட்டணும்" என்று ஆளுக்காள் நினைவு வைத்துச் சொல்ல, அங்குலம் அங்குலமாக இறக்கினார்கள். நசுங்கிய கதவு பாறையின் கூரில் போய்ப் பொருந்தி உட்கார்ந்தது. பொனட்டின் மடிப்பு கான் கட்டின் விளிம்போடு சேர்ந்தது. ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஆரூரன் வாயைத் திறந்தவர் மூடவில்லை.

"பன்ரெண்டு வருசமா இந்த வேலை பாக்கிறன். இப்பிடி ஒண்டை நான் காணேல்லை" என்றார் மெதுவாக.

பிறகு அவர் கானுக்குள் இறங்கினார். இப்போது வாய் பிளக்கும் முறை பாக்கியத்துடையது. நாடாவைப் பிடித்து அளந்தார். குந்தியிருந்து பாதையோரப் புல்லைத் தடவினார். டார்ச் அடித்து வேனின் அடியைப் பார்த்தார். பாறையில் ஒட்டியிருந்த வெள்ளைப் பெயின்டை நகத்தால் சுரண்டினார். எழுந்து கோயிலைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார், மறுபடி கோயிலைப் பார்த்தார்.

"இந்த இடத்திலதான் சில்லு பாதையை விட்டிருக்கு. கோயிலுக்கு நேரை. பாதை வளையுது, வாகனம் வளையேல்லை, நேரை போயிருக்கு. வேகம் சைக்கிள் வேகம்தான். பிரேக் பிடிச்ச அடையாளம் ஒரு அங்குலமும் இல்லை."

அந்த வேளையில் அந்த வளைவில் இருந்தது பாக்கியமும் முனியாண்டியும் மட்டும்தான். மூன்று மணித்தியாலம் கழித்து வந்த ஒரு மனுஷன் புல்லைத் தடவிப் பார்த்து அதைச் சொல்கிறான் என்றால், அவன் கண்ணில் என்ன இருக்கிறது? கோயில் குறி சொல்பவன்கூட இத்தனை சுத்தமாகச் சொன்னதில்லை.

"எப்பிடி நடந்தது?" என்று கேட்டார்.

"மாடு" என்று நாற்பது குரல் சேர்ந்து வந்தது.

"எந்தப் பக்கத்தாலை வந்தது?"

பாதிக் கைகள் மலைப் பக்கம் நீண்டன, பாதிக் கைகள் பள்ளத்துப் பக்கம் நீண்டன.

"என்ன நிறம்?"

கறுப்பு என்றது ஒரு குரல். செவலை என்றது இன்னொன்று. "கறுப்புலயே செவலைங்க" என்று இரண்டையும் காப்பாற்றப் பார்த்தாள் சந்திரகாந்தி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நாற்பது பேர் ஒரே தட்டில் கை வைத்தால் வேறென்ன ஆகும்?

ஆரூரன் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்தார். "சரி. மாடெண்டால் அது ஆரோ ஒராளின்ரை மாடுதானே? ஆருடைய மாடெண்டு சொல்லுங்கோ. கொம்பனி நட்டத்தை மாட்டுக்காரரிட்டைக் கேக்கும். பேர் எழுதவேணும்."

ஒருவரையொருவர் பார்த்தார்கள். இதை யாரும் யோசித்திருக்கவில்லை. தோட்டத்தில் மாடு வைத்திருப்பவர் ஒரே ஒரு ஆள்.

சிவஞானம் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தார். "என் மாடுதானுங்க சார். எழுதிக்கங்க" என்றார்.

அந்த மாடு கன்று போட்டு, கால் வீங்கி, மூன்று வாரமாகக் கட்டுத்தறியை விட்டு எழும்பவே இல்லை. அது பாக்கியத்துக்கும் தெரியும், அங்கே நின்ற குழந்தைக்கும் தெரியும். அவர் முகத்தைப் பார்த்தாள். பயம் இருந்தது, ஆனால் பின்வாங்குகிற முகம் இல்லை. வேன் போனால் அவள் மறுபடி கொழுந்துக்குப் போவாள். இந்த மனுஷனின் மாடு போனால் இவர் எங்கே போவார்?

"இல்ல சார்" என்றாள். ஆரூரன் எழுதுவதை நிறுத்தவில்லை. இன்னொரு தரம் சொன்னாள். "இல்ல சார். மாடு வரல. அண்ணே, நீங்க பின்னுக்குப் போங்க. மாடே இல்ல சார். நான் முனியாண்டியக் கும்புட்டேன். ரெண்டு கையாலயும் கும்புட்டேன், கண்ணையும் மூடிட்டேன். என் பிழைதான். இவங்க எல்லாரும் எனக்காகச் சொன்னாங்க. அதையும் என் பிழையாவே எழுதிக்கங்க."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். வேனை மனசுக்குள் கைகழுவிவிட்டாள். சந்திரகாந்தி "பாவி, கெடுத்துட்டியே" என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது.

ஆரூரன் பேனாவை மூடவில்லை. "அம்மா, குடிச்சிட்டு ஓடினனீங்களோ?" என்று கேட்டார்.

"ஐயையோ, இல்லீங்க!"

"லைசென்ஸ் இருக்கோ?"

"இருக்குங்க."

"பிறகென்ன? கிளெய்ம் கிடைக்கும்."

அவள் கண்ணைத் திறந்தாள். "என் பிழைன்னு சொன்னேனுங்களே."

"ஓம், விளங்குது. இது ஃபுல் இன்சுரன்ஸ் அம்மா. உங்கடை கவலையீனத்துக்கும் சேர்த்துத்தானே நீங்கள் வருசா வருசம் காசு கட்டினது? மனுசர் பிழை விடுவினம் எண்டு தெரிஞ்சுதான் இதை வைச்சிருக்கினம். முதல் பங்கு கொஞ்சம் உங்கடை கையால போகும், மிச்சம் கொம்பனி. மாடெண்டு நான் எழுதி, பிறகு பொய்யெண்டு தெரிஞ்சிருந்தால்தான் ஒரு சதமும் வந்திராது."

"பிழைன்னு தெரிஞ்சுமா குடுப்பாங்க?"

"தெரிஞ்சும்தான்."

"நானே என் வாயால சொன்ன பொறகுமா?"

"நீங்களே சொன்னபடியால் எனக்கு வேலை லேசு."

பாக்கியம் அப்படியே பாதையில் உட்கார்ந்துவிட்டாள். காசு வரும் என்பது அவளுக்கு இரண்டாவதாகத்தான் உறைத்தது. பிழை செய்தேன் என்று ஒருத்தி சொல்ல, சரி, இரு, திருத்தித் தருகிறோம் என்று பதில் வருகிற இடம் இந்த உலகத்தில் ஒன்று இருக்கிறதா? அதை யார் யோசித்து வைத்தார்கள்? எந்தப் புண்ணியவான்? கடலை முதல்முதலாகப் பார்த்தவள் போல ஆரூரனையே அண்ணாந்து பார்த்தாள். சந்திரகாந்தி ஒரு பெரிய பெருமூச்சு விட்டாள்.

"அடி ஆத்தே! கொழுந்துக்கு இப்படி ஒரு சட்டம் இல்லாமப் போச்சே!"

ஆரூரன் வாக்குமூலத்தை எழுதி வாசித்துக் காட்டினார். முனியாண்டி கோயிலை வணங்குவதற்காகச் சாரதி இரு கைகளையும் எடுத்ததால், என்று வந்தபோது பாக்கியம் குறுக்கிட்டாள்.

"சாமி பேரையும் போடணுங்களா சார்? அவரு மேல கேஸ் கீஸ் வந்துராதே?"

"வராது அம்மா" என்றார். அப்போதுதான் அந்த மனுஷன் முதல்முதலாகச் சிரித்தார். அவள் கையெழுத்துப் போட்டதும் வேனை மறுபடி மேலே ஏற்ற வேண்டியிருந்தது. ஹெல்மெட்டைக் கோயில் படியில் வைத்துவிட்டு அவரும் வந்து ஒரு மூலைக்குத் தோள் கொடுத்தார்.

வேனை ஹாலிஎலயில் மெக்கானிக் பத்மநாதன் பாஸின் கராஜுக்கு இழுத்துப் போனார்கள். அவர் செலவுக் கணக்கு எழுதிக் கொடுக்க, மூன்றாம் நாள் வேலையைத் தொடங்கலாம் என்று கம்பனியிலிருந்து பதில் வந்தது. பொனட்டையும் கதவையும் கழற்றிய பிறகு உள்ளே வேறு ஏதும் உடைந்திருக்கிறதா என்று பார்க்க அசெஸர் இரண்டாம் தரம் வருவார் என்றார்கள். அவர் வருகிற அன்று காலையில் பாஸ் அவளைத் தள்ளிக் கூட்டிப்போய்க் காதோடு சொன்னார்.

"தங்கச்சி, பின் கதவு நசுங்கல், அந்தப் பக்கக் கீறல், இந்தப் பழசு எல்லாத்தையும் இதோட சேத்துருவோம். யாருக்குத் தெரியப் போவுது? ஒரே செலவுல புது வண்டியாட்டம் ஆக்கித் தாறேன்."

அவள் பின் கதவு நசுங்கலைக் கையால் தடவிப் பார்த்தாள். ஆரூரன் வந்தார். முன்பக்கத்தைப் பார்த்தார், வளைந்திருந்த இரும்புச் சட்டத்தைப் படம் எடுத்தார், அதையும் மாற்றலாம் என்று குறித்துக்கொண்டார். புறப்படத் திரும்பியவரைப் பாக்கியம் மறித்தாள்.

"சார், இங்கிட்டு வாங்க. இந்தப் பின் கதவு அன்னைக்குப் பட்டது இல்ல. கொழுந்து நிறுக்குற மடுவத்துச் செவுத்துல ரிவர்ஸ்ல இடிச்சது. ஹோர்ன் அடிச்சுக்கிட்டே இடிச்சேன். என் பிழை."

பத்மநாதன் பாஸ் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டார்.

"இந்தக் கீறல் பதுளைச் சந்தையில. எடம் காணாதுன்னு தெரியும், தெரிஞ்சே நொழைச்சேன். பக்கத்து லொறிக்காரனப் போட்டு ஏசினேன், பாவம். என் பிழைதான் சார். இந்தக் கண்ணாடி இருக்கே, இது பூட்டாத கதவோட ஓட்டிக்கிட்டுப் போயி மரத்துல தட்டுனது. சந்திரகாந்திதான் பூட்டலன்னு இத்தன நாளும் சொல்லிக்கிட்டு இருந்தேன். பூட்டாதது நான்தான்."

அவள் முகம் மலர்ந்திருந்தது. வேனைச் சுற்றி நடந்து ஒவ்வொன்றையும் கையால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். ஆரூரன் போனைப் பையில் போட்டுவிட்டு, புத்தகத்தையும் மூடிவிட்டு, அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, இதுகளை நான் கேக்கேல்லையே. சொல்லத் தேவையில்லை."

"தேவையில்லதாங்க" என்றாள் பாக்கியலெட்சுமி. "ஆனா சொல்ல நல்லாருக்கு. இன்னும் ரெண்டு இருக்கு சார், அந்தப் பக்கம் வாங்க."